டோர்க்கஸ் கேட்டதும் நான் கேட்காததும்

என் கணவர் ஜெயந்தன் லண்டனில் இருக்கிறார். நான் கனகராயன்குளத்தில் இருக்கிறேன். எங்களுக்கு நடுவில் கடலும் பல நாடுகளும் கிடக்கின்றன என்றாலும் அவை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. உண்மையான தடை கொழும்பில் நடக்கிற ஓர் ஆங்கில வாய்ச்சோதனைதான். அதில் சித்தியடைந்தால் மட்டுமே நான் அவரிடம் போவதற்கு விசா கேட்கலாம். கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசிக் காட்டினால் போதுமாம், சின்னப்பிள்ளைகளுக்கு வைக்கிற சோதனை மாதிரியாம். இப்படிச் சொல்கிறவர்கள் ஒருவரும் அந்தச் சோதனைக்குப் போனவர்கள் இல்லை.

இவர் போனது பாதை பூட்டிய வருடம். கொழும்பில் ஓர் அலுவல் என்று போனவர், சண்டை தொடங்கி எங்கள் பக்கத்துக்கு வருகிற ஏ-ஒன்பது வீதியைப் பூட்டிவிட்டதால் திரும்பி வர வழியில்லாமல் ஒரு லொட்ஜில் கிடந்தார். பிறகு அங்கிருந்தே வெளிநாட்டுக்குப் போய்விட்டார். எங்கள் மகள் கம்சா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். லண்டனில் இவருடைய அகதி வழக்குத் தள்ளுபடியாகி, மேல்முறையீடாகி, மறுபடியும் தள்ளுபடியாகி, பிறகு தற்காலிக வதிவிடமாகி, ஒருவழியாகப் போன வருடம் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. "இனி நீர் வரலாம்," என்றார். இந்தச் சொல்லுக்காகத்தானே இவ்வளவு காலம் இருந்தேன் என்று அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகுதான் சோதனையைப் பற்றிச் சொன்னார்.

எனக்குப் போக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தாலி கட்டியவரோடு நாலைந்து வருடம்தான் குடும்பம் நடத்தினேன். இடையில் இந்தியாவில் கிடைத்த ஒரு மாதம் போக, மிச்சமெல்லாம் தொலைபேசியில் நடந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது தொலைபேசியில், கம்சா பெரியபிள்ளையானது தொலைபேசியில், வயலில் வெள்ளம் நின்று நெல் அழுகியதும் தொலைபேசியில்தான். ஒரே குசினியில் இரண்டு பேரும் நின்று உப்புக் கூடிப்போயிற்று என்று சண்டை பிடிக்க வேண்டும். அதுகூட இல்லாதது என்ன கல்யாணம்.

இதிலே எனக்குப் பெரிய எரிச்சல் எதில் என்றால், எனக்கு ஆங்கிலமே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தில் பரிசு வாங்கியவள் நான். என்னுடைய வகுப்பில் அந்தப் பாடத்தில் சித்தியடைந்தது நான் ஒருத்திதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. பரிசாக ஓர் ஆங்கில நாவல் தந்தார்கள், அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழைய நாவலாம். அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இதையா இவ்வளவு காலம் வாசித்தாய் என்று கேட்பீர்கள்.

கதை இதுதான். கயிறு திரிக்கிறவர் ஒருவரின் மகள், பெயர் டோர்க்கஸ். அவளைக் கட்டுவதாகச் சொன்ன கப்பற்காரன் கடலுக்குப் போகிறான். போனவன் பல வருடம் வரவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் வந்து கதவைத் தட்டுகிறான். அவனை இருத்திவிட்டு டோர்க்கஸ் கேட்கத் தொடங்குகிறாள். எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், ஏன் ஒரு கடிதம் போடவில்லை, உன்னோடு போனவர்களுக்கு என்ன நடந்தது. கேள்விக்கு மேல் கேள்வி, அத்தியாயத்துக்கு மேல் அத்தியாயம். அவள் கேட்டு முடிய அவன் கேட்கிறான். புத்தகத்தின் பின்பாதி முழுவதும் அதுதான்.

பதினாறு வயதில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். எனக்கு அந்தக் கப்பற்காரனைத்தான் பிடித்திருந்தது. கல்யாணம் முடித்த பிறகு வாசித்தபோது அவன் ஒரு பொறுப்பில்லாத ஆள் என்று பட்டது. இவர் அப்போது என்னைப் பகிடி பண்ணுவார். "இது இன்னும் முடியேல்லையோ? ஒரு புத்தகத்தை இவ்வளவு நாளா வாசிக்கிற ஆளை நான் காணேல்லை," என்பார். சண்டைக் காலத்தில் ஓடும்போது கம்சாவின் உடுப்புப் பையில் அதையும் வைத்தேன். தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து வாசித்தபோது டோர்க்கஸ் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கவலையாம், அதனால் ஆட்டிறைச்சியும் பாணும் வைத்த தட்டைக் கையால் தள்ளிவிடுகிறாள். நாங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நேரம் அது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்புக்குள் போட வேண்டும் போலிருந்தது. முகாமிலும் வாசித்தேன், மீளக் குடியேறிய பிறகும் வாசித்தேன். முதலில் அட்டை போயிற்று, பிறகு கறையான் ஓரங்களைத் தின்றது. எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே சோதனை என்றதும் எனக்குப் பெரிய பயம் ஒன்றும் வரவில்லை. நாவல்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். எங்கள் படிப்பு எல்லாம் பாடமாக்குகிற படிப்பு. மாட்டைப் பற்றிய கட்டுரை என்றாலும் தேர்த் திருவிழாவைப் பற்றிய கட்டுரை என்றாலும் பாடமாக்கிக்கொண்டு போய் அப்படியே கொட்டிவிட்டு வருவோம். அதே மாதிரி டோர்க்கஸின் வசனங்களைப் பாடமாக்கினேன். முதல் தடவை போனபோது சோதகர், இன்று எப்படி இங்கே வந்து சேர்ந்தீர்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்டார். விடியற்காலை முதல் பயணம் செய்திருந்தேன் ஐயா, வழி நெடுக என் நெஞ்சு ஏதோ கெடுதியை உரைத்தபடி இருந்தது என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். அவருடைய கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அடுத்து அவர் கேட்டது எனக்கு விளங்கவில்லை. விளங்காததற்கும் ஒரு வசனம் வைத்திருந்தேன், அதையும் சொன்னேன். சித்தியில்லை.

"நீர் அங்க போய் நாவலே கதைச்சனீர்?" என்று இவர் கேட்டார். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பிறகுதான் மாங்குளத்தில் பிரசாந்தனின் வகுப்பில் சேர்ந்தேன். சந்தியில் ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் நடக்கிறது. பிரசாந்தனுக்கு முப்பது வயதுகூட இருக்காது, படிக்கிற பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. நான் படியேறிப் போனால் யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்று நினைத்துக் கதிரை போடுவார்கள். நான் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்ததும் பிரசாந்தனின் முகம் மாறியது.

"அன்ரி, இதைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கோ. இதில இருக்கிற மாதிரி இப்ப அங்க ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

"இறந்தகாலம் முழுக்க இதிலதான் இருக்கு," என்றேன்.

"உங்களுக்கு வேண்டியது நேற்றைக்கு என்ன செய்தனீங்கள் எண்டு சொல்லுறதுதான். அதைச் சொல்லுங்கோ, காணும்."

நேற்றைக்கு என்ன செய்தேன் என்று தினமும் சொன்னேன். சமைத்தேன், களை பிடுங்கினேன், மாடு கலைத்தேன். வரம்பில் நடந்துகொண்டே கோ, வென்ட், கோன் என்று சொல்வேன். ஈட், ஏட், ஈட்டன் என்று நான் உரக்கச் சொல்லப் பக்கத்து வயற்காரர் நிமிர்ந்து பார்த்தார். தலை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். வளையாத மூங்கிலில் வில் செய்கிற வேலை அது. நாற்பத்தெட்டு வயதில் நாக்கு வளைய மாட்டேன் என்கிறது. கம்சா வீட்டுக்கு வந்தால் அவளும் திருத்துவாள். இவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எங்களுக்குப் பின்னேரம், தொலைபேசி எடுத்துத் திருத்துவார். ஒரு வீட்டில் ஆளுக்காள் வாத்தியாராக இருந்தால் யார்தான் படிப்பார்கள்.

அந்த வகுப்பில் ஒன்றைக் கவனித்தேன். பிரசாந்தன் இரண்டிரண்டு பேராக இருத்தி, ஒருவரையொருவர் பழைய கதைகளைக் கேட்கச் சொல்வான். பிள்ளைகள் நேற்றுப் பார்த்த படத்தைக் கேட்பார்கள், போன கிழமை நடந்த கிரிக்கெட்டைக் கேட்பார்கள், வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குப் போனாயா என்று கேட்பார்கள். அதற்கு அப்பால் ஒருவரும் போவதில்லை. பிரசாந்தனும் அவர்களை இழுத்துக்கொண்டு போவதில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வரப்போவதைப் பற்றி யாரும் யாரையும் என்னவும் கேட்கலாம். கடைக்குப் போனால் "எப்ப போறீர்?", கோயிலுக்குப் போனால் "இன்னும் கூப்பிடேல்லையோ?", கம்சாவைக் கண்டால் "பிள்ளைக்கு எப்ப கலியாணம் செய்து வைக்கிறியள்?" மூக்கை நுழைப்பதில் நாங்கள் ஒருவருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் போன காலத்தைக் கேட்பதில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், இருக்கிறதைச் சொல்வதா பெற்றதைச் சொல்வதா என்று எதிரில் நிற்கிறவர் தடுமாறுவார். ஆகவே கேட்பதில்லை. அவராகச் சொன்னால் எவ்வளவு நேரமும் இருந்து கேட்போம். சொல்லாவிட்டால் மழையைப் பற்றிக் கதைப்போம். இதை யாரும் கூட்டம் வைத்துச் சொல்லித் தரவில்லை. கம்சாவின் வயதுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது தடவை நாவலை இரவிரவாகப் பாடமாக்காமல், பிரசாந்தன் சொன்ன சின்ன வசனங்களோடு போனேன். பையில் நாவலும் இருந்தது, அது பழக்க தோஷம். மாங்குளத்தில் ரயில் ஏறிக் கொழும்பில் இறங்கி, சேலை கசங்காமல் போய்ச் சேர்ந்தேன். இந்தச் சோதனைக்கு இரண்டு பேரைச் சேர்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தனித்தனியாகக் கொஞ்சம் கேட்டுவிட்டு, பிறகு இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேச வேண்டும். எனக்குச் சோடியாக வந்தவள் யூலிற்றா. நாற்பது வயது இருக்கும், கையில் செபமாலையைச் சுற்றி வைத்திருந்தாள்.

"நீங்கள் எவடம் அக்கா?" என்று அவள்தான் தொடங்கினாள்.

"கனகராயன்குளம். நீங்கள்?"

"முல்லைத்தீவு. கள்ளப்பாடு."

"அப்ப கிட்டத்தான்," என்றேன். கொழும்பில் வைத்துப் பார்த்தால் கனகராயன்குளமும் கள்ளப்பாடும் அடுத்தடுத்த வீடுதான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போன தடவை மாதிரிக் கோட்டுப் போட்ட ஒருவரோடு இருத்தி வைக்காமல் எங்கள் ஆளோடு விடுகிறார்களே என்று நினைத்தேன். இரண்டு பேரும் ரயிலைப் பற்றிக் கதைத்தோம், கொழும்பு வெக்கையைப் பற்றிக் கதைத்தோம். அவளுடைய கணவர் அங்கே ஒரு மீன்கடையில் நிற்கிறாராம். கடற்காரர் கரையில் நின்று வாங்கி விற்கிறார் என்று அவளே சிரித்தாள்.

"உள்ளுக்கை போனால் நீங்கள் முதல் கேளுங்கோ அக்கா. நான் அதைப் பாத்துப் பிறகு கேக்கிறன்," என்றாள்.

சோதகர் நரைத்த கூந்தலைக் கொண்டை போட்ட ஒரு அம்மா. நல்ல மனுஷி, அவரில் ஒரு பிழையும் சொல்ல மாட்டேன். பெயர், ஊர், நேற்று என்ன செய்தாய் எல்லாம் கேட்டார். சமைத்தேன், உடுப்பு மினுக்கினேன், ரயிலில் வந்தேன் என்று தடங்கலில்லாமல் சொன்னேன். யூலிற்றாவும் சொன்னாள். சித்திதான் என்று என் மனம் சொல்லிவிட்டது. இவரோடு நிற்கப்போகிற குசினிகூட ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது.

பிறகு அந்த அம்மா, இனி நீங்கள் இருவரும் பேசுங்கள் என்றார். சிறுவயதில் இருந்த வீட்டைப் பற்றி, யார் யார் இருந்தார்கள், என்ன செய்தீர்கள், இப்போது என்ன மாறிவிட்டது என்று ஒருவரையொருவர் கேளுங்கள் என்றார். இதைவிட லேசான கேள்வி வர முடியாது. எல்லாமே நான் பழகிய கேள்விகள்.

சிறுவயதில் எங்கே வாழ்ந்தாய் என்று கேட்டேன். கடலுக்குப் பக்கத்தில் வாழ்ந்தேன் என்றாள். அந்த அம்மா தலையாட்டினார். அடுத்தது, உன்னோடு யார் யார் வாழ்ந்தார்கள் என்ற கேள்வி. அது என் நாக்கில் வந்து நின்றது. யூலிற்றாவைப் பார்த்தேன். ஊசியோடு வருகிற தாதியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன ஊர் கள்ளப்பாடு. அங்கே முதலில் கடல் வந்தது, பிறகு சண்டை வந்தது. யார் இருந்தார்கள் என்று நான் கேட்டால் அவள் யாரைச் சொல்வாள், சொன்னால் அடுத்ததாக நான் என்ன கேட்பது, இப்போது அவர்கள் எங்கே என்றா. வசனம் தெரியும், சொல் தெரியும், வாய் வரவில்லை.

கடைசியில் உனக்கு மீன் பிடிக்குமா என்று கேட்டேன். ஓம், எனக்கு மீன் பிடிக்கும் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேளுங்கள் என்று அந்த அம்மா யூலிற்றாவைப் பார்த்துச் சொன்னார். அவருடைய குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று எடுத்தும் கொடுத்தார். யூலிற்றா என்னைப் பார்த்தாள். நான் எந்த வழியால் எங்கேயெல்லாம் போயிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும், அவளும் அதே வழியால் போனவள்தான். செபமாலையை ஒருதரம் உருட்டினாள். பிறகு, உங்களுக்கு மீன் பிடிக்குமா என்று என்னைக் கேட்டாள். எனக்கும் பிடிக்கும் என்றேன். என்ன மீன் என்றாள். எல்லா மீனும் என்றேன். இரண்டு பொம்பிளைகள் மீனைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசி அந்த அம்மா கேட்டிருக்கமாட்டார். மறுபடியும் இரண்டு தரம் எடுத்துக் கொடுத்தார், நாங்கள் மறுபடியும் மீனுக்கே போனோம். நேரம் முடிந்துவிட்டது.

வெளியில் வந்ததும் யூலிற்றா என் கையைப் பிடித்தாள்.

"கேக்க ஏலாமப் போச்சு அக்கா. கோவிக்காதேங்கோ."

"நானும்தானே கேக்கேல்லை," என்றேன். கோபம் இல்லாமல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய்யாவது சொல்லியிருப்பேன். அவளும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆளுக்கொரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, அவள் பஸ்ஸுக்குப் போனாள், நான் ரயிலுக்கு வந்தேன்.

ரயிலில் நாவலைத் திறந்தேன். டோர்க்கஸ் கேட்டுக்கொண்டிருந்தாள், எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கென்னடி, போனவன் திரும்பி வந்து முன்னால் கதிரையில் இருக்கிறான், நீ கேட்பாய் என்று மனதுக்குள் திட்டினேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு கதைப்புத்தகத்தில் வருகிற பெண்ணோடு சண்டை பிடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

புத்தகத்தை மூடி வைத்தும் மனம் மூடவில்லை. கொஞ்ச வருடத்துக்கு முன்னால் நான் கம்சாவைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனேன், இவர் லண்டனிலிருந்து அங்கே வந்தார். பிரிந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த ஒரேயொரு மாதம் அதுதான். தாய்க்குத் திதி செய்ய வேண்டும் என்று எங்களை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போனார். இவர் ஒரே பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவர். இவருடைய தாய், என் மாமி, கடைசிச் சண்டையில் என்னோடு இருந்தவா, என்னுடைய கைக்குள்ளேயே செத்துப்போனவா. முகாமிலிருந்து முதல் தடவை இவரோடு பேசியபோது மாமி எங்களை விட்டிட்டுப் போட்டா என்று மட்டும் சொன்னேன். இவர் அழுதார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு கதையுமில்லை. தாயை இழந்தவர்கள் இருக்கிற சித்திரைப் பறுவ விரதத்தை மட்டும் ஒவ்வொரு வருடமும் தவறாமல் பிடிக்கிறார்.

அன்றைக்குக் கடற்கரையில் ஐயர் கேட்டார், அம்மாவுக்கு என்ன திதி, எந்த ஊரில் காலமானவர் என்று. இவர் தெரியாது என்றார். நான் நனைந்த சேலையோடு இவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு நாள் தெரியும், இடம் தெரியும், என்ன மரத்துக்குப் பக்கத்தில் என்றும் தெரியும். இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நான் நின்றேன். நானாகச் சொல்லட்டும் என்று அவர் நின்றாரோ என்னவோ. தெரியாவிட்டால் அமாவாசை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஐயர் காரியத்தை முடித்துவிட்டார்.

சோதனை முடிவு கம்சாவின் போனுக்கு வந்தது. சித்தியில்லை. பிரசாந்தனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் பேனையைக் காதில் செருகிக்கொண்டான்.

"கேள்வி கேக்கிறதுக்குத்தான் அன்ரி அங்க புள்ளி," என்றான்.

பின்னேரம் இவர் எடுத்தார். நான் குசினியில் நின்றேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன நடந்தது?"

"சரிவரேல்லை." மீன் கதையையும் சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஒரு கேள்விதானே கமலா," என்றார். "வீட்டில ஆர் ஆர் இருந்தவை எண்டு கேக்கிறதுக்கு என்ன? முன்பின் தெரியாத பொம்பிளை. கேட்டால் அவா உம்மைக் கடிச்சே போடுவா?"

"அவா கள்ளப்பாடு."

"கள்ளப்பாடு எண்டால் என்ன? நான் இஞ்ச வேலைக்கிடையில ஒவ்வொரு நாளும் எடுத்துச் சொல்லித் தாறன். வசனம் உமக்குத் தெரியும். பதினாறு வயதில இருந்து அந்தப் புத்தகத்தை வாசிக்கிறீர். தெரிஞ்ச கேள்வியை வாயைத் திறந்து கேக்க ஏலாதோ?"

கமலாசனி என்ற என்னுடைய பெயரைக் கமலா என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெயரைச் சொல்லித் திட்டியது எனக்குத் தாங்கவில்லை.

"நீங்கள் கேட்டனீங்களோ?" என்றேன்.

"ஆரை?"

"என்னை. இவ்வளவு வருசமா ஒவ்வொரு நாளும் எடுக்கிறியள். சாப்பிட்டனீரோ, மழை பெய்ததோ, படிச்சனீரோ. ஒரு நாளாவது கேட்டனீங்களோ? உங்களுக்கு இங்கிலீசும் தேவையில்லை. முன்னால இருந்து ஒருத்தரும் புள்ளி போடவும் இல்லை. ராமேஸ்வரத்தில ஐயர் கேக்கேக்கை நான் பக்கத்திலதான் நிண்டனான்."

இந்த மாதிரிக் கதை கிட்ட வந்தால் லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறன் என்பது அவருடைய பழக்கம். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் இனி இந்தச் சோதனைக்கே போகமாட்டேன், அவர் அங்கே இருக்கட்டும், நான் இங்கே இருக்கிறேன் என்றும் நினைத்தேன். யாரோ ஆங்கிலத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அவர் ஒரு சொல்லில் பதில் சொன்னது கேட்டது. போகவில்லை.

"அம்மாவை எங்க தாட்டனீர்?" என்று கேட்டார்.

உலையை இறக்கி வைத்தேன். நிலத்தில் குந்தினேன்.

"வலைஞர்மடத்தில," என்றேன். "ஒரு வேலிக்கரையில. பூவரசு ஒண்டு நிண்டது, அதுக்குக் கீழ. மாசி மாசம், வெள்ளிக்கிழமை. பக்கத்துப் பங்கரில இருந்த ரெண்டு பேர் குழி வெட்டித் தந்தவை. என்ர கலியாணச் சேலையால சுத்தினனான். வேற நல்ல சீலை இருக்கேல்லை."

"தேவாரம் படிச்சதோ?"

"நான் படிச்சனான். முழுக்கப் படிக்க விடேல்லை, செல் விழத் தொடங்கீட்டுது."

அவர் அழுகிறார் என்று தெரிந்தது. இவ்வளவு காலமும் அவரை அழவைக்கக் கூடாது என்றுதான் நானும் வாயைத் திறக்காமல் இருந்தேன். இன்றைக்கு அந்த இரக்கம் எனக்கு வரவில்லை. பின்னால் அவரை மறுபடியும் கூப்பிட்டார்கள், அவர் பதில் சொல்லவில்லை. அம்மா கடைசியில் என்ன சொன்னவா என்று கேட்டார். தண்ணி கேட்டவா, குடுத்தனான் என்றேன். என்னைக் கேட்டவாவோ என்றார். ஓம், கேட்டவா, நீங்கள் வந்துகொண்டு இருக்கிறியள் எண்டு சொன்னனான் என்றேன்.

நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இன்னும் கிடக்கு," என்றேன். "கேளுங்கோ."